உருண்ட குண்டும் மறைந்த கணக்கும்

ஒரு சிறு கேள்வியோடு இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன். சாய்த்து வைத்த கண்ணாடிப் பலகையின் உச்சியிலிருந்து ஓர் இரும்புக் குண்டையும் ஒரு பனிக்கட்டித் துண்டையும் ஒரே நேரத்தில் விடுகிறோம். எது முதலில் கீழே வந்து சேரும்? உருளும் குண்டுதான் என்று நம்மிற் பலர் சொல்வோம். மாணவப் பருவத்தில் நானும் அப்படித்தான் சொன்னேன். ஆனால், வழுக்கி வரும் பனிக்கட்டியே முந்துகிறது. அதன் காரணம், முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஓர் ஏட்டில் உறங்கிக் கிடந்த சில எண்களில் அடங்கியிருக்கிறது.

இத்தாலிய அறிஞர் கலிலியோ, 1633இல் தண்டிக்கப்பட்டு வீட்டுக்காவலில் இருந்த காலத்தில் எழுதி முடித்த இறுதிப் பெருநூல் 1638இல் லெய்டன் நகரில் அச்சாயிற்று. சுமார் 12 முழ நீளமுள்ள பலகையில் ஒரு விரல் அகலத்திற்குச் சற்று மிகுந்த பள்ளம் வெட்டி, அதில் வழவழப்பான தோல்தாள் ஒட்டி, வெண்கலக் குண்டை உருட்டிய வரலாற்றை அதில் அவர் கூறுகிறார். சிறு துளை வழியே ஒழுகிய நீரை நிறுத்துப் பார்த்துக் காலத்தை அளந்தார். கடந்த தூரம் காலத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப வளர்கிறது என்று கண்டார்.

இந்நூல் வெளிவருவதற்குச் சுமார் 30 ஆண்டுகளுக்கு முன்பே, பாதுவா நகரில் வாழ்ந்தபோது, அவர் வேறொரு சோதனையும் செய்திருந்தார். அந்தக் குறிப்புத் தாளை 1973இல் ஸ்டில்மன் டிரேக் என்னும் வரலாற்றறிஞர் வெளியிட்டார். சரிவில் உருண்ட குண்டு மேசை விளிம்பிலிருந்து பாய்ந்து தரையில் எங்கே விழுகிறது என்பதே சோதனை. மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த ஓர் அளவையில், மேசையின் உயரம் 828. 300 உயரத்திலிருந்து உருண்ட குண்டு 800 தூரம் பாய்ந்தது. அதை அடிப்படையாகக் கொண்டு, 600 உயரத்திற்கு 1131 வரவேண்டும் என்று கணித்தார். அளந்தபோது 1172 வந்தது. கணித்ததையும் கண்டதையும் வேறுபாட்டையும் ஒளிக்காமல் அருகருகே எழுதி வைத்தார்.

ஆனால் அந்த முதல் 800ஐ நாம் உற்று நோக்க வேண்டும். உராய்வேயின்றி வழுக்கி வந்திருந்தால், குண்டு ஏறக்குறைய 997 தூரம் பாய்ந்திருக்கும். எஞ்சியது எங்கே போயிற்று?

உராய்வு தின்றுவிட்டது என்று சொல்லத் தோன்றும். அது பெரும்பாலும் வீண்பழி. நழுவாமல் உருளும் குண்டின் அடிப்புள்ளி, பலகையைத் தொடும் கணத்தில் அசைவற்று நிற்கிறது. தேய்ப்பு இல்லாத இடத்தில் வெப்பமாக வீணாவதும் மிகச் சிறிதே. உராய்வு அங்கே குண்டைப் பற்றித் திருப்புகிறது, அவ்வளவுதான். திரும்புவதற்கும் சக்தி வேண்டுமல்லவா? சமதளத்தில் உருளும் கெட்டியான குண்டு, இறங்கிப் பெற்ற சக்தியில் ஏழில் இரண்டு பங்கைச் சுழற்சிக்கு அளித்து, ஐந்து பங்கை மட்டுமே முன்னோட்டத்திற்கு வைத்துக்கொள்கிறது. அவ்வாறு கணக்கிட்டால் தூரம் 842 ஆகும். பள்ளத்தின் விளிம்புகளில் உருண்டால் சுழற்சி விரைந்து, தூரம் இன்னும் குறையும். கலிலியோவின் 800 இதோடு பெரிதும் ஒத்துப்போகிறது.

சுழற்சிக்குச் செல்லும் பங்கு எல்லா உயரத்திற்கும் ஒரே விகிதமாதலால், அவருடைய விதி பிழைபடவில்லை. சுழலும் பொருளின் கணிதத்திற்கு 1673இல் ஹைகன்ஸ் வழி திறந்தார். 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் அதை விரித்துரைத்தார். கலிலியோவின் கையில் அக்கருவிகள் இல்லை. எனினும், தமக்கு விளங்காத ஒன்றைத் தாங்கிய எண்ணையும் அவர் திருத்தாமல் விட்டுச் சென்றார். அறிவியலில் விளக்கம் பின்னால் வரலாம். அளவு மட்டும் அன்றே நேர்மையாக இருந்தாக வேண்டும். அந்தப் பழைய தாளிடமிருந்து நான் கற்ற பாடம் இதுவே.