அகதிச் சிறுவனும் மொறிஸ் மைனரும்

மொறிஸ் மைனரின் கதையை இங்கிலாந்தில் அல்ல, ஸ்மேர்ணாவில்தான் தொடங்கவேண்டும். இன்று துருக்கியின் இஸ்மீராக இருக்கும் அந்தத் துறைமுக நகரில் 1906இல் பிறந்தவர் அலெக் இஸிகோனிஸ். தந்தை கிரேக்கர்; தாய் ஜேர்மானியர். 1922இல் யுத்தம் நகரை எட்டியபோது, தந்தையிடம் பிரித்தானியக் குடியுரிமை இருந்ததால் அந்தக் குடும்பம் பிரித்தானியக் கப்பலில் மோல்ராவுக்குத் தப்பியது. ஒரு கடவுச்சீட்டின் பெறுமதியை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. தந்தை மோல்ராவிலேயே இறந்தார். தாயும் மகனும் லண்டன் வந்து சேர்ந்தனர்.

கணிதத்தில் மூன்றுமுறை தவறிய அந்த மாணவர்தான், இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருக்கும்போதே மொறிஸ் கம்பனிக்காக ஒரு சிறிய காரை வரையத் தொடங்கினார். சாதாரண மக்கள் வாங்கக்கூடியதாக இருக்கவேண்டும். அதற்காக மட்டமானதாக இருக்கக்கூடாது. இதுதான் அவரது எண்ணம். மாதிரி வண்டி ஒடுக்கமாகப் பட்டதும், அதை நீளவாக்கில் இரண்டாக வெட்டி நான்கு அங்குலம் அகட்டினார். அதனால் வந்த பட்டை எஞ்சின் மூடியின் நடுவே கடைசிவரை இருந்தது. முதலாளி நபீல்ட் பிரபுவுக்கோ வண்டி பிடிக்கவேயில்லை. அதை உடைத்து அவித்த முட்டை என்று பரிகசித்தார்.

1948 ஒக்ரோபரில் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் கார் அறிமுகமானது. 1952இல் மொறிஸும் ஒஸ்ரினும் இணைந்தபின் ஒஸ்ரினின் 803 சி.சி. எஞ்சின் அதற்குப் பொருத்தப்பட்டது. 1960 டிசம்பரில் பத்து இலட்சமாவது வண்டி வெளிவந்தது. பிரித்தானியக் கார் எதுவும் அதற்குமுன் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. 1971இல் உற்பத்தி நின்றது.

ஆனால் கார் அத்துடன் முடிந்துவிடவில்லை. 1990இல் வடக்கின்மீது பொருளாதாரத்தடை இறுகியபோது, யாழ்ப்பாணத்தில் பெற்றோலும் உதிரிப்பாகங்களும் தடைப்பட்ட பொருட்களாயின. அப்போது வீதியில் ஓடியவை மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ-40 போன்ற பழைய வண்டிகளே. சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்பினார்கள். பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். நோயாளிகளும் கர்ப்பிணிகளும் அவற்றில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மின்னணுக் கருவி எதுவுமில்லாத எளிய எஞ்சின் என்பதால் அது சாத்தியமாயிற்று. கழற்றிப் பூட்டத் தெரிந்த கைகள் இருந்ததாலும் சாத்தியமாயிற்று.

இஸிகோனிஸுக்கு 1969இல் சேர் பட்டம் கிடைத்தது. நமது கராஜ்காரர்களுக்கு ஒரு வரிப் பதிவும் கிடைக்கவில்லை. அவர்களிற் பலர் இன்று நம்மோடு புலம்பெயர்ந்து வாழ்கிறார்கள். எந்தப் பாகத்துக்கு எதை மாற்றாக வைத்தார்கள், எப்படிச் சமாளித்தார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதிவைக்க இன்னும் காலம் இருக்கிறது.