பூதம் போட்ட முதலீடு

வான் டச் தன் மெல்லிய கோடுகளைக் காரின் தகரத்தில் இழுத்தார் என்று சென்ற வாரம் பார்த்தோம். காரை விட்டு இறங்கிய ஓவியம் மனிதர்களின் மார்பில் ஏறியது அடுத்த கட்டம். அதைச் செய்தவர் எட் ராத்.

1950களின் கடைசியில், தென் கலிஃபோர்னியாவில் பழைய ஃபோர்டை வாங்கி, மட்கார்டைக் கழற்றி எறிந்து, பெரிய எஞ்சினைப் பூட்டி ஓட்டுவது இளைஞர்களின் வெறியாக இருந்தது. இந்த 'ஹாட் ராட்' கண்காட்சிகளில் விமானப்படையிலிருந்து வந்த ராத் ஏர்பிரஷ்ஷும் கையுமாக உட்கார்ந்திருப்பார். டி-ஷர்ட்டில் காரை வரைந்து, அதற்குள் ஒரு பூதத்தைத் திணிப்பார். பிதுங்கிய சிவந்த கண்கள், தொங்கும் நாக்கு, ஆகாயத்துக்கு நீண்ட கியர் கம்பி, புகை கக்கும் சக்கரங்கள். டெட்ராய்ட்டில் ஸ்டான்லி மவுஸும் இப்படித்தான் வரைந்துகொண்டிருந்தார். யார் முந்தி என்ற வழக்கு எனக்கு முக்கியமாகப் படவில்லை. அந்தப் பூதங்கள் எதற்குச் சோறு போட்டன என்பதுதான் முக்கியம்.

சட்டை விற்ற காசில் ராத் கார் கட்டினார். பிளாஸ்டரில் உருவம் பிடித்து, கையால் இழைத்து, மேலே ஃபைபர் கிளாஸும் ரெசினும் போர்த்தி, இறுகியதும் உள்ளிருந்த பிளாஸ்டரை உடைத்தெடுப்பார். 1959இல் 'அவுட்லா' இப்படிப் பிறந்தது. அடுத்து வந்த 'பீட்னிக் பேண்டிட்'டுக்குக் கண்ணாடிக் குமிழி போன்ற கூரை. ஸ்டீயரிங் கிடையாது, திருப்பவும் நிறுத்தவும் ஒரே ஒரு கம்பி. எந்தத் தொழிற்சாலையும் துணியாத வடிவங்கள் இவை. ஒரு தனிமனிதர் துணிந்தார் என்றால், பின்னால் நின்று பணம் கொடுத்தது அந்தப் பூதம்.

1963இல் அவருடைய 'ரேட் ஃபிங்க்' விளம்பரங்களில் வந்தது. பச்சை நிறத் தொந்தி எலி, ஈ மொய்க்கும் உடம்பு, சிவப்பு உடையில் 'ஆர்.எஃப்.' எழுத்துகள். மிக்கி மவுஸின் சுத்தத்துக்கு நேர் எதிர். ரெவெல் நிறுவனம் அதை பிளாஸ்டிக் பொம்மைப் பெட்டியாக்கியது. ராத்துக்குப் பெட்டிக்கு ஒரு சென்ட் உரிமைத்தொகை. லைசென்ஸ் எடுக்கும் வயது வராத சிறுவனும் அந்த எலியை ஒட்டி, வண்ணம் பூசி, தன் மேசையில் வைத்துக்கொள்ள முடிந்தது. ஹாட் ராட் உலகத்துக்குள் நுழைய அவனுக்குக் கார் தேவைப்படவில்லை. ராத்தின் ஆகப்பெரிய சாதனை இதுதான் என்பேன்.

அவருடைய பட்டறையில் ஓவியராக இருந்த ராபர்ட் வில்லியம்ஸ், 1994இல் 'ஜக்ஸ்டபோஸ்' கலை இதழைத் தொடங்கியவர்களில் ஒருவர். அவரைப் பற்றி அடுத்த வாரம்.