பிழைப்பிலிருந்து பேணலுக்கு: காவிரிப் படுகையில் பழைய லாரிகளின் மீட்டுருவாக்கம்

முன்னுரை

காவிரியிலிருந்து குடமுருட்டி பிரியும் இடத்தில் இருக்கிறது திருக்காட்டுப்பள்ளி. நெல்லும் வாழையும் விளையும் இந்த வட்டாரத்துக்கு ரயில் என்றால் பூதலூர்; பெரிய ஊர் என்றால் ஏறத்தாழ 25 கிலோமீட்டரில் தஞ்சாவூர். விளைச்சலை வெளியே கொண்டுசேர்க்க முதலில் மாட்டு வண்டியும் பின்னர் லாரியும் உழைத்தன. படுகையின் பொருளாதார வரலாற்றை எழுதியவர்கள் ஆற்றையும் அணையையும் நிலவுடைமையையும் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அறுவடையைச் சுமந்த வண்டிக்கு அந்த வரலாற்றில் கிடைத்த இடம் மிகக் குறைவு.

பழைய கனரக வண்டிகளை வருமானத்துக்காக அன்றி விருப்பத்துக்காகப் பழுதுபார்த்துப் பேணுவது பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வேரூன்றிய பொழுதுபோக்கு. தமிழ்நாட்டில் பழைய காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் சேர்ந்த ஆர்வலர்கள் லாரிக்குச் சேரவில்லை. அதற்கு வேண்டிய கைத்திறனோ இங்கே பல தலைமுறைகளாக இருக்கிறது. திறன் இருந்தும் பேணல் வளராதது ஏன் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. படுகையின் லாரிகளைக் காப்பாற்றிய திறன் தட்டுப்பாட்டில் பிறந்தது. இன்ஜின் மாற்றியதும் பாடி மாற்றியதும் அந்த வண்டிகளின் வரலாறே. தொழிற்சாலையிலிருந்து வந்த வடிவத்தை மட்டுமே அசல் என்று கொள்ளும் இன்றைய அளவுகோல் அந்த வரலாற்றை வெளியே நிறுத்திவிடுகிறது. இதுவே இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

மோட்டார் வந்த காலம்: 1912–1939

நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்கு 1862இல் ரயில் பாதை முழுமை பெற்றது. அடுத்த அரை நூற்றாண்டுக்குப் படுகையின் நெல் வண்டிப் பாதையில் நிலையம் வரை போய், அங்கிருந்து ரயிலேறியது. 1912இல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கினார். பின்னாளில் டி.வி.எஸ். குழுமமாக வளர்ந்த தொழிலின் தொடக்கங்களில் அந்த பஸ் தடமும் ஒன்று.

1926இல் ஃபோர்டும் 1928இல் ஜெனரல் மோட்டார்ஸும் இந்தியாவில் நிறுவனம் அமைத்து, பெட்டிகளில் வந்த பாகங்களை இங்கேயே பூட்டி விற்றன. ஃபோர்டு, செவர்லே பெட்ரோல் லாரிகள் பரவின. சாலை வண்டிகளால் ரயிலின் வருவாய் குறைகிறது என்ற கவலை எழுந்து, 1933இல் மிட்சல்–கிர்க்னஸ் அறிக்கை வந்தது. அந்த விவாதத்தின் முடிவில் பிறந்தது 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். சரக்கு லாரிக்குப் பெர்மிட் கட்டாயமானது. வாடகைக்குச் சுமை ஏற்றும் வண்டிகள் ‘பப்ளிக் கேரியர்’ என்று நெற்றியில் எழுதிக்கொண்டு ஓடியது இந்தச் சட்டத்தின் வழியே.

இந்தப் பெர்மிட் முறைக்கும் பழைய வண்டிகளின் ஆயுளுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. பெர்மிட் எளிதில் கிடைக்காத காலத்தில், பெர்மிட் உள்ள வண்டியை நிற்காமல் ஓட வைப்பதே உரிமையாளரின் முதல் கவலை. வண்டி தேய்ந்தால் விற்கவில்லை. தேய்ந்த பாகத்தை மாற்றினார்.

தட்டுப்பாடு தந்த தொழில்நுட்பம்: 1939–1969

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. கரியை எரித்து அதிலிருந்து வரும் வாயுவில் இன்ஜினை ஓட்டும் சாதனத்தை டி.வி.எஸ். நிறுவனமே செய்து விற்றது. வண்டியின் பின்னால் உருளைக் கொதிகலன் போன்ற அடுப்புடன் ஓடிய ‘கரி பஸ்’ அந்தத் தலைமுறையின் நினைவில் நின்ற காட்சி. பெட்ரோலுக்கென வடிவமைத்த இன்ஜினை வேறு எரிபொருளுக்குப் பழக்கலாம் என்பதைப் பட்டறைக்காரர்கள் அப்போது கையால் கற்றார்கள். போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட லாரிகள் ஏலத்தில் வந்து, மரமும் மூட்டையும் ஏற்றும் வேலைக்குத் திரும்பின.

அடுத்த திருப்பம் கொள்கையால் வந்தது. உள்நாட்டில் உற்பத்தி செய்யும் திட்டம் உள்ள நிறுவனங்களுக்கே இனி இடம் என்று 1953இல் சுங்கவரி ஆணையத்தின் பரிந்துரையை ஒட்டி அரசு முடிவு செய்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இங்கே வண்டி பூட்டுவதை நிறுத்தின. ஏற்கெனவே சாலையில் இருந்த அவற்றின் லாரிகளுக்கு உதிரிபாகம் அருகியது. லேத் பட்டறைகளின் தேவை இதனால் பெருகியது. கிங் பின்னுக்குப் புஷ் கடைவது, சிலிண்டரை ரீபோர் செய்வது, ஸ்லீவ் இறக்குவது, உடைந்த வார்ப்புக்கு ஒட்டுப் போடுவது எல்லாம் அன்றாட வேலைகளாயின.

இதற்கு வேண்டிய பொருள்களைச் சென்னையும் பெங்களூரும் தந்தன. 1949இல் இந்தியா பிஸ்டன்ஸ் தொடங்கியது. 1951இல் பெங்களூரில் மைக்கோ நிறுவனம் தொடங்கி, டீசல் பம்பும் நாசிலும் உள்நாட்டுப் பொருள்களாவதற்கு வழி திறந்தது. 1952இல் எம்.ஆர்.எஃப். டயருக்கு ரீட்ரெடிங் போடும் ரப்பர் செய்யத் தொடங்கியது. சென்னை சிம்சன் நிறுவனம் 1950களில் பெர்க்கின்ஸ் டீசல் இன்ஜின்களைத் தயாரித்தது. ஆறு சிலிண்டரும் 4.7 லிட்டர் கொள்ளளவும் கொண்ட பெர்க்கின்ஸ் பி6 இங்கே ஒரு தனி இடம் பெற்றது. பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு அந்த இடத்தில் இதைப் பூட்டினால், பழைய ஃபார்கோவோ பெட்ஃபோர்டோ டீசல் லாரியாகிவிடும். டீசல் மலிவு, இன்ஜினும் நெடுநாள் உழைக்கும். ஓர் அமெரிக்கச் சேசிஸ், பிரிட்டனில் வரைந்து சென்னையில் வார்த்த இன்ஜின், உள்ளூர் ஆசாரி செய்த கேபின் என்று மூன்று மரபுகள் ஒரே வண்டியில் கூடியது இவ்வாறுதான்.

அதே காலத்தில் புதிய லாரிகளும் வந்தன. ரகுநந்தன் சரண் 1948இல் தொடங்கித் தம் மகன் பெயரைச் சூட்டிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. 1950இல் பிரிட்டனின் லேலண்டுடன் ஒப்பந்தமாகி, 1951இல் காமெட் சேசிஸ்கள் வெளிவந்தன. 1955இல் நிறுவனம் அசோக் லேலண்ட் ஆயிற்று. டாடா குழுமத்தின் டெல்கோ 1954இல் டைம்லர்-பென்ஸுடன் 15 ஆண்டு ஒப்பந்தம் செய்து ஜாம்ஷெட்பூரில் லாரி தயாரித்தது. தமிழ்நாட்டில் அதற்கு வழங்கிய பெயர் ‘பென்ஸ் லாரி’. 1969இல் ஒப்பந்தம் முடிந்து முன் கிரில்லில் இருந்த மூன்று முனை நட்சத்திரம் போய் டாடாவின் ‘டி’ வந்தது. ஒரு பழைய பென்ஸ் லாரியின் காலத்தைக் கணிக்க இன்றும் இதுவே முதல் அடையாளம்.

படுகையின் லாரி: 1972க்குப் பின்

கும்பகோணத்தின் ராமன் அண்டு ராமன், ஸ்ரீ ராம விலாஸ் போன்ற பஸ் நிறுவனங்களின் பணிமனைகள் படுகையின் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சிக் களங்களாக விளங்கின. 1972இல் சோழன் போக்குவரத்துக் கழகம் உருவாகி பஸ் தொழில் பெருமளவு அரசிடம் போனது. சரக்கு லாரி தனியார் கையிலேயே இருந்தது. அதே 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் அமைந்தது. நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் பெருகியதும் குறுவை, சம்பா அறுவடைக் காலங்களில் களத்து மேட்டிலிருந்து கிடங்குக்கு மூட்டை அடிக்கும் வேலை லாரிகளுக்கு நிலையாகக் கிடைத்தது.

லாரியின் வாழ்க்கை படிப்படியாக இறங்கி வருவது. புதிதாக இருக்கும்போது சென்னைக்கும் வட மாநிலங்களுக்கும் நெடுந்தூரச் சுமை. வயதானதும் கைமாறி லோக்கல் லோடு. நெல், வாழைத்தார், செங்கல், மணல், கடைசியில் வைக்கோல். தூரம் குறைவு, வேகம் தேவையில்லை என்பதால் பழைய இன்ஜினுக்கு இந்த வேலை ஒத்துவந்தது. ஆனால் ஈர மணல் பாடியின் தகரத்தையும் சேசிஸின் மேல்விளிம்பையும் அரித்தது. ஒரு லாரி எந்த வேலையில் முதுமை அடைந்தது என்பதை அதன் துருவே சொல்லிவிடும்.

தொழிற்சாலை விற்றதும் பெரும்பாலும் முழு லாரி அன்று. இன்ஜின், சேசிஸ், முகப்புத் தகரம் ஆகியவற்றோடு, ஓட்டுநர் வெட்டவெளியில் உட்கார்ந்து ஓட்டிவரும் வண்டியாகத்தான் அது வெளிவரும். கேபினும் சுமைப் பெட்டியும் பாடி கட்டும் பட்டறையின் வேலை. நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரத்து லாரிப் பட்டறைகளும் கரூரின் பஸ் பட்டறைகளும் இதில் பெயர் பெற்றவை. மரச்சட்டத்தின் மேல் தகரம் அறைந்த கேபின், ஏற்றும் சரக்குக்கு ஏற்ற உயரத்தில் பக்கப் பலகை, தார்ப்பாய் கட்டக் கொக்கிகள், பெயரும் சாமி படமும் எழுதும் ஓவியர் கை எல்லாம் சேர்ந்த பிறகே அது லாரி.

மீட்டெடுக்கும் முறை

இந்தப் பின்னணியில், பழைய லாரி ஒன்றை மீட்டெடுப்பவர் முதலில் ஆவணம் படிப்பவரைப் போல வண்டியைப் படிக்க வேண்டும். சேசிஸ் நீளச் சட்டத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, டீசல் நனைத்த துணியால் துடைத்தால் எண் தெரியும். அதன்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் உரசினால் கண்ணுக்கு எட்டாத எழுத்தும் படியும். அதை ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். அடுத்து, நீளச் சட்டத்தையும் குறுக்குச் சட்டத்தையும் இணைக்கும் இடங்கள். தொழிற்சாலை அங்கே அடித்தது ரிவெட். போல்ட்டும் வெல்டிங் தழும்பும் தென்பட்டால், சேசிஸ் நீட்டப்பட்டதோ குறைக்கப்பட்டதோ விபத்துக்குப் பின் கட்டப்பட்டதோ என்று கேட்க வேண்டும். கேபினின் அடித்தகரத்தைக் கழற்றினால்தான் மரச்சட்டம் உளுத்த அளவு தெரியும்.

நெடுநாள் நின்ற டீசல் இன்ஜினைக் கிளப்புவதிலும் முறை உண்டு. டேங்கைக் கழுவி, ஃபில்டரை மாற்றி, லைனில் உள்ள காற்றை எடுக்க வேண்டும். ஃபில்டரின் மேலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தால் முதலில் நுரை வரும். நுரை நின்று டீசல் தெளிவாக வழியும்போது இறுக்க வேண்டும். பிறகு டீசல் பம்பிலும், கடைசியாக ஒவ்வொரு நாசில் குழாயின் நட்டிலும் இதே வேலை. ‘ஏர் எடுக்கிறது’ என்று பட்டறையில் சொல்லும் இந்த வரிசையை அவசரப்பட்டுத் தாண்டினால் பேட்டரி தீருமே தவிர இன்ஜின் பிடிக்காது. 1960களின் லாரிகளில் கைபழகிய மெக்கானிக்குகள் ஓய்வு பெற்றுவருகிறார்கள். கம்ப்யூட்டரில் கோளாறு பார்க்கும் இன்றைய லாரியில் பயின்றவர்களுக்கு, காது வைத்தே பழுதான நாசிலைக் கண்டுபிடிக்கும் பழக்கம் தானாக வந்துசேராது. உடனே பதிவு செய்ய வேண்டிய அறிவு இது.

சட்டத்தின் அளவுகோல்

2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் பழம்பெரும் வாகனங்களுக்குத் தனிப் பிரிவு சேர்க்கப்பட்டது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிக்கு ‘விஏ’ எழுத்துகள் கொண்ட தனிப் பதிவெண் கிடைக்கும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் அதை ஓட்டலாம். வணிகத்துக்கு ஓட்டக் கூடாது. வரவேற்க வேண்டிய ஏற்பாடு. ஆனால் அதன் வரையறை இரு சக்கர வாகனங்களையும் சொந்தப் பயன்பாட்டுக் கார்களையும் மட்டுமே தழுவுகிறது. சரக்கு வாகனம் அதில் இல்லை. மேலும் சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாத அசல் வடிவம் வேண்டும் என்கிறது விதி. லாரிக்கு இதை அப்படியே நீட்டினாலும் பயன் இராது. பெர்க்கின்ஸ் பூட்டிய ஃபார்கோ அந்தத் தேர்வில் தோற்றுவிடும். பட்டறையில் பிறந்த கேபினுக்கோ தொழிற்சாலை அசல் என்று ஒன்றே கிடையாது.

இதன் விளைவாக, வருமானம் ஈட்டாத பழைய லாரியும் வாடகை லாரிக்குரிய நிபந்தனைகளையே சுமக்கிறது. எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று வேண்டும். 15 ஆண்டு கடந்த கனரக வண்டியின் எஃப்.சி. புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 12,500 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட வாகனக் கழிப்புக் கொள்கை, புகையையும் விபத்தையும் குறைக்கும் நியாயமான நோக்கம் உடையது. அன்றாடம் ஓடும் தேய்ந்த லாரிகள் விலகுவது நல்லதே. ஆண்டில் சில நாள் மட்டும் வெளியே வரும் வரலாற்று வண்டியை அவற்றிலிருந்து பிரித்துப் பார்க்க விதியில் இடம் இல்லாததுதான் குறை. இடமில்லாதபோது எல்லாம் காயலான் கடைக்கே போகும்.

பிரிட்டனில் வேறு வழி தெரிகிறது. அங்கே வரலாற்று வணிக வாகனச் சங்கம் 1958இல் அமைந்தது. 1962 முதல் லண்டனிலிருந்து பிரைட்டனுக்குப் பழைய லாரிகளும் பஸ்களும் அணிவகுக்கின்றன. லேலண்ட் நகரிலேயே 1983இல் வணிக வாகன அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அமெரிக்காவில் லாரி வரலாற்றுச் சங்கம் 1971இல் தொடங்கியது. இந்தியாவில் கோயம்புத்தூரின் ஜீடி கார் அருங்காட்சியகமும், 2013இல் ஹரியானாவின் தாவ்டூவில் திறந்த பாரம்பரியப் போக்குவரத்து அருங்காட்சியகமும் நல்ல முன்னோடிகள். எண்ணூரில் பிறந்த லாரிகளுக்கும் அவற்றுக்குக் கேபின் கட்டிய பட்டறைகளுக்கும் தமிழ்நாட்டில் அத்தகைய தனி நிலையம் தேவை.

முடிவுரை

பெர்மிட், போர்க்காலப் பங்கீடு, உதிரிபாகத் தட்டுப்பாடு என்ற மூன்று நெருக்கடிகள் படுகையின் லாரிகளை நீண்ட நாள் வாழ வைத்தன. அந்த வாழ்நாளில் அவை பெற்ற ஒவ்வொரு மாற்றமும் உள்ளூர்த் தொழில்நுட்பத்தின் சான்று. ஆகவே மீட்டெடுப்பவர் ஒரு பெர்க்கின்ஸை இறக்கிவிட்டு, வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பெட்ரோல் இன்ஜினைப் பூட்டினால், வண்டி தொழிற்சாலைக்கு நெருங்கும், வரலாற்றிலிருந்து விலகும்.

இதிலிருந்து மூன்று செயல்கள் தொடர்கின்றன. முதலாவது, பழம்பெரும் வாகன விதியில் சரக்கு வாகனத்தைச் சேர்த்து, 50 ஆண்டுக்கு முந்தைய மாற்றங்களையும் பட்டறைக் கேபினையும் அசல் என ஏற்க வேண்டும். இரண்டாவது, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் போன்ற நிறுவனங்கள் மூத்த மெக்கானிக், ஆசாரி, லேத் தொழிலாளர் ஆகியோரின் செயல்முறைகளை ஒலியிலும் காணொளியிலும் பதிவு செய்ய வேண்டும். மூன்றாவது, வண்டி வைத்திருப்பவர்கள் பழைய ஆர்.சி. புத்தகம், பெர்மிட், பட்டறை ரசீது ஆகியவற்றைத் தூக்கி எறியாமல் வண்டியோடு சேர்த்து வைக்க வேண்டும். சட்டம் திருந்தக் காலம் பிடிக்கலாம். காகிதத்தைக் காப்பதற்கு யார் அனுமதியும் வேண்டியதில்லை. திருக்காட்டுப்பள்ளியில் லாரி வைத்திருக்கும் எந்தக் குடும்பமும் இன்றே அதைத் தொடங்கலாம்.