நிலா விழுந்த பிறகும் காசு இருக்குமா?

போன லீவுக்கு நாங்கள் நாலு பேர் துணுக்காயில், எங்களில் ஒருத்தியின் வீட்டு விறாந்தையில் இருந்து ஒரு பழைய கேம் விளையாடினோம். ‘த லெஜன்ட் ஒஃப் செல்டா: மஜோராஸ் மாஸ்க்’. 2000ஆம் ஆண்டு நின்ரென்டோ 64க்கு வந்தது. இப்ப போனிலேயே எமியுலேற்றர் போட்டு விளையாடலாம் என்பதால் ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்து விளையாடினோம்.

தெரியாத ஆக்களுக்குச் சுருக்கமாகச் சொல்லுறோம். குளொக் ரவுண் என்று ஒரு ஊர். அதுக்கு மேல நிலா விழுந்துகொண்டிருக்கு. மூன்று நாளில், அதாவது 72 மணித்தியாலத்தில் ஊர் அழிஞ்சுபோகும். லிங்க் என்ற பெடியன் ஒரு பாட்டை வாசித்து முதலாம் நாள் காலைக்குத் திரும்பிப் போவான். அப்படிப் போனால் கையில் இருந்த அம்பு, குண்டு, காசு எல்லாம் பூச்சியம். அந்த உலகத்துக் காசின் பெயர் ரூபீ. எங்கட ரூபாய் மாதிரிக் கேட்டாலும் அது நிறநிறமான கல்லு.

ஆனால் ஊரின் மேற்குப் பக்கத்தில் ஒரு வங்கிக்காரன் இருக்கிறான். அவனிடம் போட்ட காசு மட்டும் போகாது. முதல் தரம் காசு போடும்போது கண்ணுக்குத் தெரியாத மையால் லிங்கின் உடம்பில் ஒரு முத்திரை குத்துவான். காலம் பின்னுக்குப் போனாலும் முத்திரை உடம்போடயே போகும். அடுத்த முறை வங்கிக்காரன் முத்திரையைப் பார்த்து, உன்ர கணக்கில இவ்வளவு இருக்கு என்பான். 200 சேர்ந்தால் பெரிய பேர்ஸ் ஒன்று தருவான். 5000 சேர்ந்தால் உயிரைக் கூட்டுகிற இதயத் துண்டு ஒன்று கிடைக்கும். அதுக்கு மேல வாங்கமாட்டான்.

இதையெல்லாம் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மம்மா கேட்டா: “மூண்டாம் நாள் சனம் எல்லாம் ஓடுது. அந்த வங்கிக்காரன் மட்டும் ஓடேல்லையோ?”

சிரித்துப்போட்டு விளையாட்டைத் தொடர்ந்தோம். பிறகுதான் அந்தக் கேள்வி தலைக்குள் நின்றது. வன்னியின் பணவரலாறு முழுக்க அந்தக் கேள்விதானே.

எங்கட சனம் சேமித்த விதம் பற்றி எழுதத் தொடங்கினால் தங்கத்தில்தான் தொடங்கவேணும். விளைச்சல் நல்லாக வந்த வருடம் ஒரு சங்கிலி, காய்ந்த வருடம் அதே சங்கிலி அடைவுக்கு. வவுனிக்குளத்துத் தண்ணியை நம்பி வயல் செய்கிற குடும்பத்துக்கு நகை என்பது ஆடம்பரம் இல்லை, கழுத்தில் போட்டுக்கொண்டு திரிகிற வங்கிக் கணக்கு. தாளை நம்பி வீட்டுக்குள் வைத்திருக்கிறதிலும் ஆபத்து இருந்தது. 1970இல் நிதியமைச்சர் என். எம். பெரேரா 50, 100 ரூபாய் நோட்டுகளைச் செல்லாது என்று அறிவித்தபோது தலையணைக்குள் கட்டி வைத்தவர்கள் வெளியே வந்து கணக்குச் சொல்லவேண்டி வந்தது. தபாற்கந்தோரில் சேமிப்புப் புத்தகம் இருந்தது. 1964இலிருந்து பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களின் கீழ் கிராமிய வங்கிகள் வரத்தொடங்கின. ஊர் மனிசர் முதலில் நம்பிய வங்கி பெரும்பாலும் அந்தக் கூட்டுறவுக் கடையோட ஒட்டின மேசைதான்.

1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு எல்லாம் மாறியது. வன்னியின் பெரும்பகுதி புலிகளின் கட்டுப்பாட்டில். அரசு பொருளாதாரத் தடை போட்டது. மண்ணெண்ணெய், பற்றரி, சீமெந்து என்று நீளமான பட்டியல். ஆசிரியர்களுக்கும் அரச உத்தியோகத்தருக்கும் சம்பளம் மட்டும் கொழும்பிலிருந்து வந்துகொண்டிருந்தது. வெளிநாட்டில் இருந்த பிள்ளைகள் உண்டியல் மூலம் அனுப்பினார்கள். உண்டியல் என்றால் கோயில் உண்டியல் இல்லை. அங்கே ஒருவரிடம் காசு கொடுத்தால் இங்கே இன்னொருவர் கொண்டுவந்து தருவார், பேச்சை நம்பி நடக்கிற வேலை.

இந்த இடத்தில் ஒரு விடயத்தைத் தாண்டிப் போக எங்களுக்கு விருப்பமில்லை. அந்தக் காலத்தில் புலிகள் வீட்டுக்கு இரண்டு பவுண் என்று தங்கம் வாங்கினார்கள். திருப்பித் தருவோம் என்று துண்டும் கொடுத்தார்கள். சிலர் விரும்பிக் கொடுத்தார்கள், சிலர் கொடுக்காமல் இருக்க முடியாததால் கொடுத்தார்கள். அதே 1990 ஒக்டோபரில் வடக்கு மாகாணத்து முஸ்லிம் மக்கள், சுமார் 75,000 பேர், புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரத்தில் இரண்டு மணித்தியால அவகாசம். கழுத்தில், காதில் கிடந்த நகையும் கழற்றி வாங்கப்பட்டது. கையில் சில நூறு ரூபாய் மட்டும். அவர்களுக்குத் துண்டு எழுதிக் கொடுக்கவில்லை. வன்னியில் காசும் நகையும் தொலைந்த கதையை 2009இலிருந்து தொடங்குகிறவர்கள் இந்த அத்தியாயத்தைக் கிழித்துவிட்டுத்தான் வாசிக்கிறார்கள் என்று நாங்கள் நினைக்கிறோம்.

தமிழீழ வைப்பகம் 1994இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கியது. இலங்கை மத்திய வங்கியின் அனுமதி அதுக்கு இல்லை. ஆனால் வேடிக்கை என்னவென்றால் புழங்கியது மத்திய வங்கி அச்சடித்த ரூபாய்தான். தனி நாணயம் ஒன்று வரவேயில்லை. அதாவது கொழும்பின் காசு, கிளிநொச்சியின் பேரேடு. 1995 ஒக்டோபர் 30 யாழ்ப்பாண இடம்பெயர்வுக்குப் பிறகு நிர்வாகங்கள் எல்லாம் வன்னிக்கு வந்தன. 1996 செப்ரெம்பரில் கிளிநொச்சியையும் இராணுவம் பிடிக்க, மல்லாவியும் துணுக்காயும் நகரங்களாகின. இண்டைக்கு மாடு படுத்திருக்கிற மல்லாவிச் சந்தியில் அப்ப சைக்கிள் நிப்பாட்ட இடம் கிடைக்காதாம். புடவைக்கடை, புத்தகக்கடை, நகைக்கடை எல்லாம் கிடுகுக் கொட்டிலுக்குள்.

சனம் ஏன் அந்த வைப்பகத்தில் போட்டது என்று இப்ப கேட்கிறது சுலபம். நாங்கள் கேட்ட பெரியாக்கள் சொன்னது எளிமையான காரணங்கள். கிட்டவாக இருந்தது. வட்டி தந்தது. விதைப்புக்கு முன்னம் நகையை வைத்தால் காசு கிடைத்தது. 2002 பெப்ரவரி போர்நிறுத்தத்துக்குப் பிறகு ஏ9 பாதை திறந்து, உழவு மெசின், மோட்டார்சைக்கிள், கல்வீடு என்று ஆசைகள் வந்தபோது கடனும் வந்தது. எல்லாருக்கும் விடுதலையில் நம்பிக்கை இருந்ததால்தான் போட்டார்கள் என்றும் இல்லை, எல்லாரையும் பிடித்துவந்து போடச் சொன்னார்கள் என்றும் இல்லை. ஒரு ஊரில் எந்தக் கதவு திறந்திருக்கோ அந்தக் கதவுக்குள்தான் சனம் போகும்.

பிறகு நிலா விழத் தொடங்கியது.

2008 நடுப்பகுதியில் மன்னார்ப் பக்கத்திலிருந்து இராணுவம் முன்னேற, துணுக்காய்ச் சனம் உழவு மெசினிலும் லான்ட்மாஸ்ரரிலும் ஏத்திக்கொண்டு வெளிக்கிட்டது. ஓகஸ்ட் மாதம் துணுக்காய் விழுந்தது, செப்ரெம்பர் தொடக்கத்தில் மல்லாவி. 2009 ஜனவரி 2 கிளிநொச்சி. தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால். ஒவ்வொரு இடத்திலும் சாமான் குறைந்தது. முதலில் கதவு, யன்னல், ஓடு எல்லாம் கழற்றிக் கொண்டுபோனவர்கள் கடைசியில் ஒரு சொப்பிங் பாக்கோட நின்றார்கள்.

கடைசி மாதங்களில் காசுக்கு நடந்ததுதான் எங்களை ஆகவும் யோசிக்கவைத்தது. வாங்கப் பொருள் இல்லாத இடத்தில் காசு வெறும் கடதாசி. அரிசிக்காகவும் பிள்ளைக்குப் பால்மாவுக்காகவும் தாலிக்கொடி கைமாறிய கதையை வன்னியில் எந்த வீட்டில் கேட்டாலும் சொல்லுவார்கள். ஆயிரம் வருடமாக ‘எப்பவும் விலை போகும்’ என்று நம்பிய தங்கமே அங்கே விலை இறங்கியது, ஏனென்றால் விற்கிறவர்கள்தான் எல்லாரும். கேமில் லிங்கின் பேர்ஸ் நிரம்பினால் மேலே கிடக்கிற ரூபீயை எடுத்தும் பயனில்லை. இங்கே பேர்ஸ் இருந்தது, காசும் இருந்தது, கடைதான் இல்லை.

உயிரோடு வெளியே வந்தவர்கள் மெனிக் பாம் முகாமுக்குப் போனார்கள். அங்கே கம்பிவேலிக்குள் அரச வங்கிகள் கிளை திறந்தன. சட்டைத் தையலுக்குள்ளும் துணிமுடிச்சுக்குள்ளும் கொண்டுவந்த காசையும் நகையையும் சனம் வரிசையில் நின்று வைப்பிலிட்டது. சொந்த வீடு இல்லை, வெளியே போக அனுமதி இல்லை, ஆனால் புதுச் சேமிப்புப் புத்தகம் இருக்கு. இதைவிட விநோதமான வங்கி வரிசை உலகத்தில் வேறெங்கும் நின்றிருக்குமா தெரியாது.

அம்மம்மாவின் கேள்விக்கு ஒரு பாதி விடை இங்கே இருக்கு. அரச வங்கியில் கணக்கு இருந்தவர்களுக்குப் புத்தகம் தொலைந்தாலும் கணக்கு தொலையவில்லை. பேரேட்டின் இன்னொரு பிரதி குண்டு விழாத இடத்தில் இருந்தது. அடையாள அட்டையைக் காட்டினால் போதும். அந்த வங்கிக்காரன் ஓடத் தேவையில்லாத இடத்தில் இருந்தான். தமிழீழ வைப்பகத்தின் பேரேடோ சனத்தோட சேர்ந்து ஓடியது, சனத்தோட சேர்ந்து முடிந்தது.

மற்றப் பாதி முத்திரை பற்றியது. கேமில் மை கண்ணுக்குத் தெரியாது, அதனால் லிங்குக்கு ஆபத்தில்லை. எங்கட சனத்திடம் இருந்த முத்திரை கண்ணுக்குத் தெரியும். புலிகளின் வைப்பகத்துப் பற்றுச்சீட்டோடு சோதனைச்சாவடியைத் தாண்டினால் என்ன கேள்வி வரும், யாரைப் பிரித்துக் கூட்டிக்கொண்டு போவார்கள் என்ற பயத்தில் பலர் அதைக் கிழித்தார்கள், மணலுக்குள் தாட்டார்கள். தன் நகை தன்னுடையது என்று சொல்ல இருந்த ஒரே சாட்சியைத் தன் கையாலேயே அழித்துவிட்டுத்தான் உயிரோடு வரவேண்டியிருந்தது. காசைக் காப்பாற்றும் முத்திரையே ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்றால் எதை வைத்திருப்பது?

போர் முடிந்த பிறகு இராணுவம் வைப்பகத்து நகைகளை மீட்டது. 2014இல் அப்போதைய சனாதிபதி மகிந்த ராஜபக்ச அதில் ஒரு பகுதியை உரியவர்களுக்குக் கையளித்தார். பெயர் எழுதி ஒட்டிய பைகளில் இருந்தவை உரியவரைத் தேடிப் போக முடிந்தது. மிச்சத்தில் ஒரு பகுதி 2025 மே மாதம்தான் இராணுவத்திடமிருந்து பொலிசுக்குக் கையளிக்கப்பட்டது. பல ஆயிரம் உருப்படிகள். பதினாறு வருடம் ஏன் எடுத்தது என்ற கேள்வியை நாங்கள் கேட்காமல் விடமாட்டோம். அந்தப் பதினாறு வருடத்தில் அடையாளம் சொல்லக்கூடிய எத்தனை கிழவிகள் செத்துப்போனார்கள்? சங்கிலியைப் பார்த்து இது என்ரை என்று சொல்ல, அதைக் கழுத்தில் போட்ட ஆள் வேணும்.

நகை இல்லாமல் வெறும் கணக்கிலும் இதே சிக்கல் இருக்கு. பத்து வருடம் அசையாமல் கிடக்கிற வங்கிக் கணக்கை வங்கிகள் மத்திய வங்கிக்கு மாற்றவேணும். உரியவரோ உரித்தாளரோ வந்து கேட்டால் கிடைக்கும். காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் கணக்குக்கு உரித்தாளர் யார்? 2010இல் வந்த தற்காலிகச் சட்டம் மரணச் சான்றிதழ் எடுக்க வழி செய்தது. ஆனால் மகன் இருக்கிறான் என்று வீதியோரக் கொட்டிலில் படத்தோடு குந்தியிருக்கிற தாயிடம், இருபதாயிரம் ரூபாய் எடுக்கிறதுக்காக அவன் செத்துப்போனான் என்று கையெழுத்து வை என்று எப்படிச் சொல்லுறது? 2016இல் ‘காணாமற்போனமைச் சான்றிதழ்’ என்று இன்னொன்றைக் கொண்டுவந்தார்கள். சாவு என்று எழுதாமல் சொத்து, கணக்கு விடயங்களைப் பார்க்க வழி. சட்டமாகப் பார்த்தால் நல்ல திருத்தம். அதையும் வேண்டாம் என்ற தாய்மார் இருக்கிறார்கள், நாங்கள் அவர்களைப் பிடிவாதக்காரர் என்று சொல்லமாட்டோம்.

இவ்வளவும் வாசித்து, கேட்டு எழுதின பிறகு திரும்ப அந்த விறாந்தைக்குப் போனோம். அம்மம்மாவும் அந்தக் காலத்தில் நகை அடைவு வைத்தவதான். எங்கே வைத்தா என்பதை அவ விருப்பப்படி எழுதவில்லை. துண்டை மாத்தளனில் வைத்துக் கிழித்தாவாம். 2025 செய்தியை ரேடியோவில் கேட்ட நாளிலிருந்து ஒரு விண்ணப்பம் எழுதித்தாங்கோ பிள்ளையள் என்று கேட்டுக்கொண்டிருந்தா, எங்களுக்குத்தான் நேரம் கிடைக்கவில்லை.

கேமை நிப்பாட்டிவிட்டு எழுதினோம். அவ சொல்லச் சொல்ல எங்களில் ஒருத்தர் கொப்பியில் எழுதினார்.

“இரண்டரைப் பவுண் சங்கிலி ஒண்டு. கொழுக்கி உடைஞ்சு மாத்தினது, அதால கொழுக்கி மட்டும் நிறம் கொஞ்சம் வெளிர். காப்பு ஒரு சோடி. ஒரு காப்பில உள்பக்கம் ஒரு நெளிவு. உன்ர அம்மா சின்னனில கடிச்சது. அதையும் எழுது.”

“கடிச்சது எண்டு எழுதுறதோ அம்மம்மா?”

“ஓம், பல்லு அடையாளம் எண்டு எழுது. அது வேற ஒருத்தற்ற காப்பிலயும் இராது.”

யாருக்கு முகவரி போடுறது என்பதில் மட்டும் அரை மணித்தியாலம் போனது. பொலிசுக்கா, பிரதேச செயலகத்துக்கா, நீதிமன்றத்துக்கா. கடைசியில் மேல் வரியை வெறுமையாக விட்டு மூன்று பிரதி எடுத்தோம். ஒன்றை அம்மம்மா வாங்கி மடித்து, அடையாள அட்டை வைக்கிற பிளாஸ்ரிக் உறைக்குள் செருகினா.