சங்கரன்கோவில் வீடுகளுக்கு ஆம்ப்ளிஃபயர் வந்த வழி

சங்கரன்கோவில் போன்ற தென்பாண்டிச் சிற்றூர்களில் ஆம்ப்ளிஃபயர் வீட்டுக்கு வருமுன் வீதிக்குத்தான் வந்தது. ஆடித்தபசு, கல்யாணம், சடங்கு, கட்சிக் கூட்டம் என எல்லாவற்றுக்கும் ரேடியோ செட்காரர் குழாய் ஸ்பீக்கர் கட்டினார். 1940-இல் தொடங்கிய அகுஜா நிறுவனத்தின் பெட்டிகளுக்கு இந்தத் தொழிலில் நிலைத்த பெயர் உண்டு. ஆனால் குழாய், குரலைத் தொலைவுக்குக் கொண்டுபோவதற்கானது; அடித்தொனி அதில் எழாது. வீட்டில் ஒலித்ததெல்லாம் வால்வு ரேடியோ, பிறகு டிரான்சிஸ்டர். 1963-இல் திருநெல்வேலி வானொலி நிலையம் தொடங்கியபோதும் அவற்றின் சிறிய ஸ்பீக்கரே போதுமானதாக இருந்தது.

1980-களின் கேசட் அலைதான் இந்த மனநிறைவைக் குலைத்தது. இளையராஜாவின் பாடல்களில் வரும் பேஸ் கிதாரைக் கேட்க, டேப் ரெக்கார்டரின் சொந்த ஸ்பீக்கர் போதவில்லை. பிலிப்ஸ், சோனோடைன் போன்ற கம்பெனி செட்டுகள் தறிக்கூலியில் வாழும் வீடுகளுக்கு எட்டாதவை. அந்த இடத்தை ரேடியோ மெக்கானிக்குகள் நிரப்பினார்கள். சென்னை ரிச்சி தெருவிலும் மதுரைக் கடைகளிலும் கிடைத்த உதிரிகளைக் கொண்டு அவர்கள் பூட்டிக் கொடுத்த அசெம்பிள் செட்டே எளிய வீட்டின் முதல் ஆம்ப்ளிஃபயர். வூஃபரை மண்பானை வாயில் கவிழ்த்து வைத்து அடித்தொனியைக் கூட்டும் வழக்கமும் இதோடு பரவியது.

செட்டின் விலையை உள்ளிருக்கும் ஐசி சில்லும் டிரான்ஸ்ஃபார்மரும் முடிவு செய்தன. சான்யோவின் எல்ஏ 4440, கார் பேட்டரியின் 12 வோல்ட்டிலேயே ஓடும். இரு சேனலையும் இணைத்தால் 19 வாட் வரை தரும். அதற்கு மேல் வேண்டியவர்கள் எஸ்டிகே ஐசிக்கோ 2என்3055 டிரான்சிஸ்டருக்கோ போனார்கள். இரண்டிலும் போலிகள் மலிந்திருந்ததால் மெக்கானிக்கின் நேர்மையையும் சேர்த்தே விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. உண்மையில் ஐசியைவிட முக்கியமானது டிரான்ஸ்ஃபார்மர். ஒரே ஸ்பீக்கரில் வோல்ட் இரட்டித்தால் வாட் நான்கு மடங்காகும். அந்த வோல்ட்டைத் தளராமல் கொடுப்பது டிரான்ஸ்ஃபார்மர்தான். செம்புக் கம்பிக்குப் பதில் அலுமினியக் கம்பி சுற்றி, இரும்புத் தகட்டையும் குறைத்தால் விலை இறங்கும். ஆனால் சத்தத்தைக் கூட்டியதும் பாட்டு கரகரக்கும், பெட்டி கொதிக்கும்.

1991-இன் பொருளாதாரத் தாராளமயமாக்கலுக்குப் பின் வெளிநாட்டுச் செட்டுகள் பெருகின. அவற்றோடு பிஎம்பிஓ கணக்கும் வந்தது. ஒரு கணம் எட்டக்கூடிய உச்சத்தைப் பெருக்கிக் காட்டும் இந்த எண், சில பத்து வாட் பெட்டியை ஆயிரக்கணக்கான வாட் என்று விற்க வழிசெய்தது. வாங்குபவரை ஏமாற்றுவதைத் தவிர இதற்கு வேறு பயனே இல்லை. 5.1 செட்டுகள் புகழ்பெற்ற காலத்திலும் டிடிஏ 7294 போன்ற ஐசிகளை வைத்து உள்ளூர் அசெம்பிள் தொடர்ந்தது.

இப்போது ‘கிளாஸ் டி’ போர்டுகள் உள்ளங்கைக்குள் அடங்குகின்றன. மின்சாரத்தைப் பெரும்பாலும் வெப்பமாக்காமல் ஸ்பீக்கருக்கே அனுப்புவதால் பெரிய ஹீட் சிங்க் வேண்டியதில்லை. வோல்ட் இல்லாமல் வாட் இல்லை என்ற பழைய உண்மை மட்டும் மாறவில்லை. சேனலுக்கு 50 வாட் என்று விற்கப்படும் டிபிஏ 3116 போர்டு, அந்த அளவை எட்ட 21 வோல்ட் வேண்டும். 12 வோல்ட் அடாப்டரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே கிடைக்கும். குறைந்த விலையில் ஆம்ப்ளிஃபயர் தேடுபவர்கள் பெட்டியின் மேல் அச்சிட்ட வாட்டை விட்டுவிட்டு, தொடர்ந்து தரக்கூடிய திறனைச் சொல்லும் ஆர்எம்எஸ் அளவையும், எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் சப்ளை என்பதையும் கடைக்காரரிடம் கேட்டு வாங்க வேண்டும்.