குளிர்சாதனச் சரக்குந்தின் தளம்

குளிர்சாதனச் சரக்குந்தின் தளம் சுமையைத் தாங்குவதோடு குளிர்காற்றுக்கும் வழிவிட வேண்டும். இல்லையேல் அடியடுக்குப் பெட்டிகள் முதலில் கெடும். பனிக்கட்டி வைத்து இறைச்சி அனுப்பிய அமெரிக்கத் தொடருந்துப் பெட்டிகளில், தளத்தின்மேல் மரச்சட்டங்களைப் பரப்பி இதைச் சமாளித்தனர். மரம் ஈரத்தையும் இரத்தத்தையும் உறிஞ்சியது. நாற்றம் எளிதில் போகாது.

1930களின் இறுதியில் மினியாபொலிசில் பிரெடெரிக் மெக்கின்லி ஜோன்ஸ் சரக்குந்துக்கான குளிரூட்டும் இயந்திரத்தை உருவாக்கினார். பனிக்கட்டியின் தேவை மெல்லக் குறைந்தது. நீர்த்தொல்லை மட்டும் தீரவில்லை. வண்டியைக் கழுவும் நீர், தளத்தின் விரிசல் வழியே காப்புப்பொருளுக்குள் இறங்கினால் எடை கூடும், குளிர்காப்பு குறையும்.

பின்னர் பரவிய அலுமினியத் தளத்தில் ‘டி’ எழுத்து வடிவ வரிகள் நெடுக ஓடுகின்றன. இடைவெளிகளில் காற்று பாய்கிறது. ஆனால் அலுமினியம் வெப்பத்தை நன்கு கடத்துவதால், கீழேயுள்ள குறுக்குச்சட்டங்களைத் தொடாதபடி அதைப் பிரித்து அமைக்க வேண்டும்.