தலைக்காயம்: தீவிர சிகிச்சையில் திரவ மேலாண்மை

விபத்தில் மூளை அடிபட்டுத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவருக்கு எந்தத் திரவத்தை, எவ்வளவு, எந்த வேகத்தில் சிரைவழி ஏற்றுவது என்று தீர்மானிக்கும் மருத்துவ முறை. ரத்த அழுத்தம் விழவும் கூடாது, மூளை வீங்கவும் கூடாது.

வரலாறு

மண்டையோடு மூடிய பெட்டி. உள்ளே இருக்கும் மூளை, ரத்தம், தண்டுவட நீர் ஆகியவற்றில் ஒன்று கூடினால் மற்றொன்று குறைந்தே ஆகவேண்டும். இக்கருத்தின் அடிப்படையை எடின்பரோவின் அலெக்சாண்டர் மன்ரோ 1783-இல் எழுதினார். பக்கத்துத் துறைமுகமான லீத்தில் மருத்துவம் பார்த்த ஜார்ஜ் கெல்லி 1824-இல் பிரேதப் பரிசோதனைகளைக் கொண்டு அதை வலுப்படுத்தினார். அதே லீத்தில், 1832 காலராவின்போது, தாமஸ் லாட்டா நோயாளிகளின் சிரையில் உப்புநீர் ஏற்றினார். லாட்டாவுக்கு வழிகாட்டிய ரத்த ஆய்வைச் செய்தவர் வில்லியம் ஓஷானசி. ஒரே துறைமுக ஊரில் எட்டாண்டு இடைவெளியில் வலுப்பெற்ற மூடிய பெட்டிக் கருத்தும் சிரைவழி உப்புநீரும் ஒன்றையொன்று சந்திக்க 1919 வரை ஆனது.

அவ்வாண்டு அமெரிக்காவில் லூயிஸ் வீடும் பால் மெக்கிபனும் மயக்கமூட்டிய பூனைகளுக்கு 30 சதவீத உப்புக் கரைசல் ஏற்றினர்; மூளை சுருங்கியது. வெறும் காய்ச்சி வடித்த நீரை ஏற்றியபோது வீங்கியது. இதிலிருந்து கிளம்பிய முடிவு விபரீதமானது. தண்ணீர் வீக்கம் தரும் என்றால் தண்ணீரையே நிறுத்தி விடலாமே என்று பிலடெல்பியாவின் டெம்பிள் ஃபே போன்றோர் தலைக்காயக்காரர்களை வறளவிட்டனர். பல பத்தாண்டுகள் இதுவே வைத்தியம் எனப்பட்டது. வேலூரில் ஜேக்கப் சாண்டி 1949-இலும், சென்னை பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி 1950-இலும் நரம்பியல் அறுவை சிகிச்சையைத் தொடங்கியபோது உலகெங்கும் இருந்த மரபும் இதுதான். மூளை வீக்கத்தை வடிக்கும் மானிட்டால் 1960-களின் தொடக்கத்தில்தான் வந்தது.

வறளவிடும் மரபுக்கு எதிரான வலுவான சான்று 1993-இல் ராண்டல் செஸ்நட் குழு வெளியிட்ட ஆய்வு. கடுந்தலைக்காயம் பட்ட 717 பேரில், சிஸ்டாலிக் ரத்த அழுத்தம் ஒருமுறையாவது 90-க்குக் கீழ் விழுந்தவர்களிடையே இறப்பு இரட்டிப்புக்கு மேல் இருந்தது.

திரவங்கள்

ஊரில் குளுக்கோஸ் பாட்டில் எனப்படும் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் இங்கே ஆகாது. சர்க்கரையை உடல் எரித்துவிட, மிஞ்சும் வெறும் நீர் மூளைக்குள் புகுந்துகொள்கிறது. நார்மல் சலைனில் லிட்டருக்கு 154 மில்லிமோல் சோடியம், ரிங்கர் லாக்டேட்டில் (ஆர்.எல்.) 130 மட்டுமே. ஆகவே நார்மல் சலைன்தான் உரியது. பிரேசிலின் 2021 ஆய்விலும் தலைக்காயப் பிரிவினரிடையே ஆர்.எல். வகையைச் சேர்ந்த சமநிலைக் கரைசல் பெற்றவர்களே அதிகம் இறந்தனர். ரத்தப் புரதமான ஆல்புமினின் கதை 2007-இல் முடிந்தது: 460 பேர் ஆய்வில் இரண்டாண்டு இறப்பு ஆல்புமினுக்கு 33 சதவீதம், சலைனுக்கு 20.

வீக்கம் ஏறினால் 20 சதவீத மானிட்டால் அல்லது 3 சதவீத சலைன். மானிட்டால் குளிரில் படிகமாக உறையும். செவிலியர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், ஊசிபோல் மின்னினால் வெந்நீரில் வைத்துக் கரைத்து, உடல் சூட்டுக்கு ஆறவிட்டு, வடிகட்டி உள்ள குழாயில்தான் ஏற்றுவார். மானிட்டால் உடலின் நீரைச் சிறுநீராக இழுத்துக் கொட்டும். ரத்தம் இழந்தவருக்கு அழுத்தம் மேலும் சரியும். அந்த வகையில் 3 சதவீத சலைனே மேல்.

சிறுநீரை மணிக்கொருமுறை அளப்பதும் சிகிச்சையின் பகுதி. நீர்த்த சிறுநீர் லிட்டர் கணக்கில் போய் ரத்தத்தில் சோடியம் ஏறினால் பிட்யூட்டரி பாதிப்பு; டெஸ்மோபிரசின் தேவை. சோடியம் இறங்கினால் இரண்டு காரணங்கள் உண்டு. உடல் நீரைப் பிடித்து வைத்திருந்தால் நீரைக் குறைக்க வேண்டும். மூளைக்காயத்தால் உப்பு சிறுநீரில் கழிந்துகொண்டிருந்தால் உப்பும் நீரும் சேர்த்தே ஏற்ற வேண்டும். இங்கே நீரைக் குறைப்பது ஆபத்து.

இன்றைய நிலை

புதுக்கோட்டைக்குத் தெற்கே உள்ள அரிமளம் போன்ற ஊர்களில் அடிபட்டவருக்கு முதல் பாட்டில் 108 ஆம்புலன்ஸ் வண்டியிலேயே ஏறக்கூடும். மாவட்டத் தலைநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2017 முதல் இயங்குகிறது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை தரும் தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் செலவுக்கான உச்சவரம்பு ஒருவருக்கு ஒரு லட்சம் ரூபாய்.